சிறு பயோடெக் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம்: புதிய பங்குதாரருக்கு ஒரு வழிகாட்டி

மருந்து எதையும் இன்னும் விற்கத் தொடங்காத ஒரு சிறு பயோடெக் நிறுவனத்திலிருந்து வங்கியில் உள்ள பணத்தையும் ஆய்வுத் தரவுகளையும் கழித்துவிட்டால், மிஞ்சுவது பெரும்பாலும் காப்புரிமைகள் மட்டுமே. அதனால்தான் ‘காப்புரிமை’ என்ற சொல் வரும் ஒவ்வொரு செய்தி அறிவிப்புக்கும் அத்தகைய பங்குகளின் விலை துள்ளுகிறது. அப்படித் துள்ளுவதில் கணிசமான பகுதி காரணமற்றது என்பது என் கருத்து. விண்ணப்பம் என்பது ஒரு வேண்டுகோள். அதை யார் வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம். அது எதைப் பாதுகாத்து நிற்கிறது, எந்த ஆண்டு வரை நிற்கும், யார் பெயரில் இருக்கிறது, அதைக் காப்பாற்ற நிறுவனத்திடம் பணம் உண்டா என்பவையே பங்குதாரரின் பணத்தைத் தீர்மானிக்கின்றன. சட்டப் படிப்பு இல்லாதவரும் இவற்றை ஓரளவு தாமே சரிபார்க்க முடியும். அதற்கான வழிமுறை கீழே வருகிறது.

படி 1: அறிவிப்பு எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று பிரித்தறியுங்கள்

நிறுவனங்கள் வெளியிடும் அறிவிப்புகளில் ‘தாக்கல் செய்தோம்’, ‘வெளியிடப்பட்டது’, ‘அனுமதி அறிவிப்பு வந்தது’, ‘வழங்கப்பட்டது’ ஆகிய நான்கும் ஒரே உற்சாகத்தோடு எழுதப்பட்டிருக்கும். ஆனால் இவற்றுக்கிடையே பல ஆண்டு இடைவெளி உண்டு.

அமெரிக்காவில் தாக்கலாகும் தற்காலிக விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகத்தின் எந்த ஆய்வாளரும் படித்துத் தீர்ப்பு சொல்வதில்லை. அது வெளியிடப்படுவதும் இல்லை. 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் பின்தொடராவிட்டால் தானாகவே காலாவதியாகிவிடும். அதன் பயன் ஒரு தேதியைப் பிடித்து வைத்துக்கொள்வது மட்டுமே. அந்த முன்னுரிமைத் தேதி (கண்டுபிடிப்பு புதியதா என்பதை எந்த நாளை வைத்து அளப்பார்களோ அந்த நாள்) சட்டப்படி மிக முக்கியமானதுதான் என்றாலும், ‘தற்காலிக விண்ணப்பம் தாக்கல்’ என்ற செய்திக்காகப் பங்கை வாங்குவதற்கு அதில் எதுவுமில்லை. முதல் தாக்கலிலிருந்து ஏறத்தாழ 18 மாதத்தில் முழு விண்ணப்பம் பொதுவில் வெளியாகும். இது நாள்காட்டி நகர்ந்ததால் நடப்பது. யாரும் எதையும் அங்கீகரித்ததாகப் பொருளில்லை.

ஆய்வாளரின் முதல் பதில் மறுப்பாக இருப்பது இத்துறையில் இயல்பானது. அதைக் கண்டு பதறி விற்பதும், விண்ணப்பம் போட்டதைக் கண்டு மகிழ்ந்து வாங்குவதும் ஒரே வகைத் தவறு. மறுப்புக்குப் பதிலளிக்கும்போது நிறுவனம் தன் கோரிக்கையை, அதாவது எதைத் தனக்கே உரியது என்று கேட்கிறதோ அதை, எவ்வளவு சுருக்கிக்கொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அனுமதி அறிவிப்பு வந்துவிட்டால் கட்டணம் செலுத்தியதும் காப்புரிமை பெரும்பாலும் வழங்கப்பட்டுவிடும். உண்மையான செய்தி என்று கொள்ளத்தக்கது அதுவே.

படி 2: விண்ணப்பத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள்

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய மூன்றும் இலவசம். நிறுவனத்தின் பெயரை உரிமையாளர் பகுதியில் இட்டுத் தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ஆண்டறிக்கையில் உள்ள விஞ்ஞானிகளின் பெயர்களை வைத்துக் கண்டுபிடிப்பாளர் பகுதியில் தேடலாம்.

எண்ணின் கடைசியில் இருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். அமெரிக்க ஆவணத்தில் ‘ஏ1’ என்று முடிந்தால் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம். ‘பி1’ அல்லது ‘பி2’ என்றால் வழங்கப்பட்ட காப்புரிமை. ‘டபிள்யூ.ஓ.’ என்று தொடங்கும் எண் பன்னாட்டு விண்ணப்பத்தைக் குறிக்கும். உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் 150-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்கீழ்ச் செய்யும் ஒரே தாக்கல் அந்நாடுகளில் எல்லாம் இடம் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். வழங்குவதா இல்லையா என்பதை ஒவ்வொரு நாட்டு அல்லது வட்டார அலுவலகமும் தனித்தனியே முடிவு செய்யும்.

பன்னாட்டு விண்ணப்பத்தோடு ஒரு தேடல் அறிக்கையும் வெளியாகும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் திறப்பதே இல்லை; ஆனால் பங்குதாரருக்கு இதைவிடப் பயனுள்ள பக்கம் அந்த ஆவணத்தில் வேறில்லை. ஆய்வாளர் கண்டெடுத்த பழைய ஆவணங்கள் ஓர் அட்டவணையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து இருக்கும். ‘எக்ஸ்’ என்றால் அந்த ஓர் ஆவணமே கோரிக்கையின் புதுமையையோ கண்டுபிடிப்புத் தன்மையையோ தகர்க்கப் போதுமானது என்று ஆய்வாளர் கருதுகிறார். ‘ஒய்’ என்றால் வேறோர் ஆவணத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது இடிக்கிறது. ‘ஏ’ என்றால் வெறும் பின்னணி. எந்தெந்தக் கோரிக்கை எண்களுக்கு எதிராக எக்ஸ் விழுந்திருக்கிறது என்பதும் அதே வரிசையில் இருக்கும். முதல் கோரிக்கைக்கு எதிராக மூன்று நான்கு எக்ஸ் இருக்கையில், நிறுவனத்தின் விளக்கப் படங்களில் ‘பரந்த காப்புரிமைப் பாதுகாப்பு’ என்று இருந்தால், இரண்டில் எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

படி 3: உரிமைகோரல்களைப் படியுங்கள்

காப்புரிமையின் தலைப்பும் சுருக்கமும் விளக்கவுரையும் எதையும் பாதுகாப்பதில்லை. கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைகோரல்கள்தான் சட்டப்படி வேலி. அவற்றிலும் வேறொரு கோரிக்கையைச் சார்ந்திராத தனிக் கோரிக்கைகளை முதலில் படியுங்கள்.

மருந்துத் துறையில் மிகவும் மதிக்கப்படுவது பொருளையே கோரும் உரிமை: இந்த மூலக்கூறு, இந்தப் புரத வரிசை, யார் எதற்காகப் பயன்படுத்தினாலும் எங்களுடையது என்பது. அதற்கு அடுத்த நிலையில், தெரிந்த பொருளை ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட அளவில் தருவதைக் கோரும் பயன்பாட்டு உரிமைகள் வருகின்றன. தயாரிப்பு முறை, மாத்திரையின் கலவை போன்றவை துணை அரண்கள். இவற்றை மட்டும் நம்பியிருக்கும் நிறுவனத்தைச் சுற்றிப் போட்டியாளர் வேறு வழி கண்டுபிடித்துவிட முடியும்.

இந்த வேறுபாடு பங்கு விலையில் எப்படி வெளிப்படும் என்பதற்கு அமரின் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒரே மருந்தான வாசெப்பா, மீன் எண்ணெயிலிருந்து பெறப்படும் ஒரு கொழுப்பு அமிலத்தின் தூய வடிவம். பொருள் முன்பே அறியப்பட்டது. வழக்கில் சிக்கியவை, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் மிக உயர்ந்த அளவு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கும் முறையைக் கோரிய காப்புரிமைகள். 2020 மார்ச் 30 அன்று நெவாடாவில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்த எந்தத் துறை வல்லுநருக்கும் இது எளிதில் தோன்றக்கூடியதே என்று சொல்லி அவற்றைச் செல்லாதவை ஆக்கியது. மறுநாள் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு சரிந்தது. மருந்து வேலை செய்தது, விற்பனையும் நடந்துகொண்டிருந்தது, மருத்துவப் பரிசோதனையில் புதிதாக எந்தக் குறையும் தெரியவில்லை. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு தீர்ப்பு மாறவில்லை.

கோரிக்கை மிகப் பரந்திருப்பதும் ஆபத்துதான். குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டிக்கொண்டு கொழுப்பைக் குறைக்கும் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்) அனைத்தையும் ஆம்ஜென் நிறுவனம் கோரியது. ஆனால் விண்ணப்பத்தில் அமினோ அமில வரிசையோடு விவரிக்கப்பட்டவை 26 மட்டுமே. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, ஒரு வகை முழுவதையும் கோருகிறவர் அந்த வகை முழுவதையும் பிறர் செய்துகொள்ளும்படி கற்றுத்தந்திருக்க வேண்டும் என்று சொல்லி அக்கோரிக்கைகளை நிராகரித்தது. பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு தோல்வி. ஒற்றை எதிர்ப்புப் புரதத்தை நம்பி, இதே பாணியில் பரந்த கோரிக்கை எழுதிவைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கோ அதன் மதிப்பீடே ஆட்டம் காணும் செய்தி. இயற்கையாக இருக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்ததாலேயே அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று அதே நீதிமன்றம் 2013-இல் மிரியட் வழக்கில் சொன்னதையும், மரபணுச் சோதனை நிறுவனங்களைப் பார்க்கிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

படி 4: தேதிகளைக் கணக்கிடுங்கள்

காப்புரிமையின் ஆயுள் பொதுவாக முழு விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்து 20 ஆண்டு. மருந்து சந்தைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆவது சாதாரணம் என்பதால், ஆயுளின் பாதி விற்பனை தொடங்குமுன்னரே கரைந்துவிடும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் தற்காலிக விண்ணப்பம், 2021 மார்ச்சில் முழு விண்ணப்பம். ஆகவே காப்புரிமை 2041 மார்ச்சில் முடியும். மருந்துக்கு 2033 மார்ச்சில் அனுமதி கிடைத்தால் மீதமிருப்பது 8 ஆண்டு. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டின் ஹேட்ச்-வாக்ஸ்மன் சட்டப்படி, பரிசோதனையிலும் அனுமதிக்கான காத்திருப்பிலும் இழந்த காலத்துக்கு ஈடாக அதிகபட்சம் 5 ஆண்டு நீட்டிப்புக் கேட்கலாம். ஆனால் அனுமதிக்குப்பின் மொத்தக் காலம் 14 ஆண்டைத் தாண்டக் கூடாது. முழு நீட்டிப்பும் கிடைத்தால் 2046 வரை, அதாவது 13 ஆண்டு விற்பனைப் பாதுகாப்பு. அனுமதி மூன்றாண்டு தள்ளிப்போனால் அதே காப்புரிமை வேறொரு காப்புரிமை போலாகிவிடும். பரிசோதனை தாமதமாகிறது என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, செலவு கூடுவதோடு இந்த முனையிலும் ஆண்டுகள் குறைகின்றன என்பதைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

காப்புரிமைக்கு வெளியே, மருந்து ஒழுங்குமுறை அமைப்பு தரும் தனியுரிமைக் காலமும் உண்டு. அமெரிக்காவில் புதிய வேதி மூலக்கூறுக்கு 5 ஆண்டு, அரிய நோய் மருந்துக்கு 7 ஆண்டு, உயிரியல் மருந்துக்கு (உயிருள்ள செல்களைக் கொண்டு உருவாக்கப்படும் மருந்து) 12 ஆண்டு. காப்புரிமை பலவீனமாக இருந்தாலும் உயிரியல் மருந்து நிறுவனம் தாக்குப்பிடிப்பதற்கு இந்த 12 ஆண்டு பல நேரங்களில் காரணமாகிறது. பங்குச் சந்தை உரையாடல்களில் இதற்குரிய கவனம் கிடைப்பதில்லை.

படி 5: உண்மையில் யாருடைய சொத்து?

சிறு பயோடெக் நிறுவனங்களில் பல, தம் அடிப்படைக் காப்புரிமையைச் சொந்தமாக வைத்திருப்பதில்லை. பல்கலைக்கழகத்திடமிருந்தோ வேறு நிறுவனத்திடமிருந்தோ உரிமம் பெற்றிருக்கும். ஆண்டறிக்கையில் அறிவுசார் சொத்து என்ற பகுதியில் இது எழுதப்பட்டிருக்கும். உரிமம் தனியுரிமையா, எந்த நோய்களுக்கு மட்டும் பொருந்தும், ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தொகையும் விற்பனையில் எவ்வளவு ராயல்டியும் தர வேண்டும், குறித்த காலத்தில் வளர்ச்சிப் பணி நடக்காவிட்டால் உரிமம் ரத்தாகுமா என்பவற்றைத் தேடுங்கள். ரத்தாகும் விதி உள்ள நிறுவனம் பணமின்றித் திணறும்போது, முதலில் போவது அதன் ஒரே சொத்தாக இருக்கும்.

உரிமைச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் கிரிஸ்பர் மரபணுத் திருத்த வழக்கு காட்டியது. பிராட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஓர் அடிப்படை ஐரோப்பியக் காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2018 ஜனவரியில் ரத்து செய்தது. 2020 ஜனவரியில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அமெரிக்கத் தற்காலிக விண்ணப்பங்களில் விண்ணப்பதாரராக இருந்த ஒருவர் பின்னர் வந்த பன்னாட்டு விண்ணப்பத்தில் இடம்பெறவில்லை. அவருடைய உரிமை முறைப்படி மாற்றித் தரப்படவும் இல்லை. அதனால் முந்தைய தேதி கைவிட்டுப்போக, இடையில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளே காப்புரிமைக்கு எதிரியாகிவிட்டன. அறிவியலில் எந்தத் தவறும் இல்லை. காகிதத்தில் ஒரு பெயர் இல்லை. இத்தகைய முன்னுரிமைக் கேள்விகளில் ஐரோப்பிய அலுவலகம் 2023-க்குப் பிறகு ஓரளவு தளர்ந்திருக்கிறது என்றாலும், சிறு நிறுவனத்தின் ஆவணங்கள் எவ்வளவு கவனமாகத் தயாரிக்கப்பட்டிருக்கின்றன என்ற கேள்வி இன்றும் பொருந்தும்.

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் உரிமை மாற்றப் பதிவேட்டையும் ஒருமுறை பாருங்கள். கடன் கொடுத்தவர் காப்புரிமைகளை அடமானமாகப் பெற்றிருந்தால் அது பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும்.

படி 6: எதிர்ப்புக்கான நாள்களைக் குறித்துவையுங்கள்

வழங்கப்பட்ட காப்புரிமையும் இறுதியானதல்ல. ஐரோப்பாவில் வழங்கிய அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 9 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். இந்தியாவில் வழங்குமுன்னும் வழங்கிய பின் ஓராண்டு வரையிலும் எதிர்க்க இடமுண்டு. அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த மறு ஆய்வு முறையில், மனுவை ஏற்பது பற்றிய முடிவு ஏறத்தாழ 6 மாதத்திலும், ஏற்றால் இறுதி முடிவு பொதுவாக அதன்பின் 12 மாதத்திலும் வரும். இந்த நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவை. அந்நாளுக்கு முந்தைய வாரம் கையில் எவ்வளவு பங்கு வைத்திருப்பது என்பதை நிதானமான மனநிலையில் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பவர் போட்டியாளராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2015 பிப்ரவரியில் கைல் பாஸ் என்ற முதலீட்டு நிதி மேலாளரின் அமைப்பு, அகோர்டா நிறுவனத்தின் நரம்புநோய் மருந்தான ஆம்பிராவின் காப்புரிமைக்கு எதிராக மறு ஆய்வு மனு தாக்கல் செய்தது. அன்றே பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு இறங்கியது. பின்னர் 2017 மார்ச்சில் காப்புரிமை அலுவலகத்தின் தீர்ப்பாயம் அகோர்டாவின் பக்கம் நின்றது. அதே மாத இறுதியில் டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றம், அதே மருந்தின் மலிவான நகலைத் தயாரிக்கும் ஜெனரிக் நிறுவனங்களுடனான வழக்கில், அதன் நான்கு காப்புரிமைகளைச் செல்லாதவை என்றது. ஒரு மன்றத்தில் வென்றது மற்றொன்றில் தோற்கலாம் என்பதை ஒரே மாதத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு அரிது.

பிறருடைய காப்புரிமையும் உங்கள் நிறுவனத்தைப் பாதிக்கும். காப்புரிமை தருவது பிறரைத் தடுக்கும் உரிமையே. தானே விற்கும் உரிமையை அது தருவதில்லை. சொந்தக் காப்புரிமை பல இருந்தும், அடியில் வேறொருவரின் அடிப்படைக் காப்புரிமை இருந்தால் அவரிடம் உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். இது சிறு நிறுவனத்துக்குச் சாதகமாகவும் திரும்பும்: 2020 ஜூலையில் கொழுப்புத் துகள் தொழில்நுட்பம் பற்றிய ஆர்புட்டஸ் நிறுவனத்தின் ஒரு காப்புரிமையை எதிர்த்த மாடர்னா தீர்ப்பாயத்தில் தோற்றபோது, சிறிய ஆர்புட்டஸின் பங்கு தாவி ஏறியது, மாடர்னாவின் பங்கு இறங்கியது. கிரிஸ்பர் சண்டையிலும் 2017 பிப்ரவரியில் அமெரிக்கத் தீர்ப்பாயம் பிராட் பக்கம் சாய்ந்த அன்று, அதனிடம் உரிமம் பெற்றிருந்த எடிட்டாஸ் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு உயர, எதிர்த்தரப்பின் (கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அதன் கூட்டாளிகளும்) உரிமத்தை நம்பிய இன்டெல்லியாவும் கிரிஸ்பர் தெரபியூட்டிக்ஸும் சரிந்தன. 2020-இல் வேதியியல் நோபல் பரிசு எதிர்த்தரப்பு விஞ்ஞானிகளுக்கே கிடைத்தது. 2022-இல் தீர்ப்பாயம் மறுபடியும் பிராட் பக்கமே நின்றது. 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை நீக்கி வழக்கைத் திருப்பி அனுப்பியது. இப்படிப்பட்ட வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணி விலை கட்டுவது சரியாக வருவதில்லை.

படி 7: காப்புரிமைச் செலவையும் கையிருப்பையும் அருகருகே வையுங்கள்

பன்னாட்டு விண்ணப்பத்தை ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் கொண்டுசெல்ல, முன்னுரிமைத் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம் வரை அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் 31. அப்போதுதான் ஒவ்வொரு நாட்டுக்கும் கட்டணம், உள்ளூர் வழக்கறிஞர், சப்பானியம், சீனம், கொரியம் போன்ற மொழிகளில் மொழிபெயர்ப்பு என்று செலவு ஒரேயடியாக வந்து விழும். பல சிறு நிறுவனங்களுக்கு மனிதர்களிடம் முதல் பரிசோதனை தொடங்குவதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். ஆகவே காலாண்டு அறிக்கையில் கையிருப்பை மாதச் செலவால் வகுத்து, பணம் எந்த மாதம் வரை வரும் என்று பார்த்து, அதை இந்த 30 மாதக் கெடுவோடு ஒப்பிடுங்கள். கெடுவுக்கு முன் பணம் தீரும் நிலை என்றால், புதிய பங்கு வெளியீடு வரப்போகிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதில் உங்கள் பங்கின் விகிதம் சுருங்கும். காப்புரிமை பற்றிய நல்ல செய்தியால் விலை ஏறிய கையோடு பங்கு வெளியீட்டு அறிவிப்பு வருவதைப் பார்த்தால் வியப்படைய வேண்டாம். நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்த்தால் விலை ஏறியிருக்கும் நேரத்தில் பணம் திரட்டுவது நியாயமான செயல். அந்த நேரத்தில் வாங்குகிறவருக்குத்தான் அது நட்டம்.

வலுவான கோரிக்கையும் நீண்ட ஆயுளும் உள்ள காப்புரிமை, பெரிய மருந்து நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் பேசும்போது முன்பணத்தைக் கூட்டித்தரும். அத்தகைய பணம் வந்தால் புதிய பங்கு வெளியிடும் தேவை குறையும். பங்குதாரருக்குக் காப்புரிமையால் கிடைக்கும் மிக நேரடியான நன்மை இதுவே.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. அமெரிக்கக் காப்புரிமைக்கு, வழங்கியதிலிருந்து 3.5, 7.5, 11.5 ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். 6 மாதச் சலுகைக் காலமும் உண்டு. ஐரோப்பிய விண்ணப்பத்துக்கு மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கட்டணம். ஆண்டுக்கு இரண்டு முறை எஸ்பாசெநெட்டிலும் அமெரிக்க அலுவலகத்தின் தளத்திலும் முக்கியக் காப்புரிமைகளின் சட்ட நிலையைத் திறந்து பாருங்கள். முதன்மை மருந்தோடு தொடர்பில்லாத பழைய காப்புரிமைகளை நிறுவனம் கைவிடுவது வழக்கமான சிக்கனம். முதன்மை மருந்தின் காப்புரிமையே ஏதாவது ஒரு பெரிய சந்தையில் கட்டணம் செலுத்தாமல் காலாவதியானது என்று அங்கே பதிவாகியிருந்தால், நிறுவனம் அதைத் தனி அறிவிப்பாக வெளியிடாமலேயே இருக்கக்கூடும். அந்தப் பதிவின் தேதியைக் குறித்துக்கொண்டு, முதலீட்டாளர் தொடர்பு அலுவலருக்கு எழுத்து மூலம் காரணம் கேளுங்கள்.